வாடகைக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது!

‘இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்கே இருப்பீங்க?’ - கேம்பஸ் இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்தால், டையைச் சரி பண்ணிக்கொண்டு டாண்ணு பதில் சொல்ல நமக்கெல்லாம் தெரியும். டீம் லீடர், பெங்களூரு, அப்புறம் ஆன்சைட்... எல்லாம் ரெடிமேட்! அதே கேள்வியை லேசா மாத்திக் கேட்கலாமா பாஸ்? இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க அப்பா எங்கே இருப்பார்?

‘வீட்லதான்’னு சொல்றீங்களா? சரி, எந்த வீட்ல? சொந்த வீடா, வாடகையா? வாடகைன்னா எவ்வளவு? அப்பாவுக்கு சம்பளம் நின்ன அடுத்த மாசம் அந்த வாடகை எங்கிருந்து வரும்?

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு ராத்திரி இதைக் கேட்டேன். அடுத்த பத்து நிமிஷத்துக்கு சாம்பாரைப் பத்தி யாருமே குறை சொல்லலை! அப்பாவோட செருப்பு சைஸ் தெரியும், பைக் நம்பர் தெரியும், கோபம் வந்தா எந்த வார்த்தையில ஆரம்பிப்பார்னு தெரியும். பி.எஃப்.ல எவ்வளவு இருக்குன்னு மட்டும் ஒருத்தருக்கும் தெரியலை.

பென்ஷன்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஒண்ணாம் தேதி குடையோட பேங்க் வாசல்ல நிப்பார். விலைவாசி ஏறினா அவருக்குப் பஞ்சப்படியும் சேர்ந்து ஏறும். (தமிழ்நாட்டுல 2003 ஏப்ரல் 1-க்கு அப்புறம் அரசு வேலையில சேர்ந்தவங்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லைன்னு ஆனதும், அதுக்காக நடந்த போராட்டங்களும் தனிக் கட்டுரை.) ஆனா எங்க கோயமுத்தூரை ஒரு ரவுண்டு வந்து பாருங்க. ஃபவுண்டரி, பம்ப்செட் கம்பெனி, லேத் பட்டறை, மில்லு, மளிகைக்கடை. இங்கே வேலை பார்த்து வயசாகிறவங்களுக்கும் அந்தக் குடை ஹெட்மாஸ்டருக்கும் சம்பந்தமே கிடையாது.

பிரைவேட்ல வேலை பார்க்கிற அப்பாக்களுக்குப் பென்ஷன் எப்படி வருது தெரியுமா? அவர் சம்பளத்துல 12 சதவிகிதம் பி.எஃப்.னு பிடிப்பாங்க. கம்பெனியும் தன் பங்குக்கு 12 போடும். கம்பெனி போடற அந்த 12-ல 8.33 பென்ஷன் கணக்குக்குப் போயிடும். 1995-ல வந்த திட்டம் இது. ஃபார்முலா ரொம்ப சிம்பிள், நம்ம எம்-3 பேப்பரை விட நூறு மடங்கு ஈஸி: பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி, 70-ஆல வகுக்கணும். அவ்வளவுதான்.

எங்கே அல்வா குடுக்கிறாங்கன்னா, அந்த ‘பென்ஷனுக்கான சம்பள’த்துலதான். உங்க அப்பா 40,000 வாங்கினாலும் 2014 செப்டம்பர்ல வெச்ச உச்சவரம்புப்படி கணக்குக்கு எடுக்கிறது 15,000 மட்டும். அதுக்கு முந்தின வருஷங்களுக்கு இன்னும் மோசம், 6,500-தான். (2022-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம், முழுச் சம்பளத்துக்கும் பென்ஷன் கேட்டு விண்ணப்பிச்சவங்க கதை வேற.) 15,000-த்துலயே முழுசா 35 வருஷம் வேலை பார்த்தார்னு வெச்சுக்கிட்டாலும் வர்றது 7,500. குறைஞ்சபட்ச பென்ஷன்னு 2014-ல அறிவிச்சது 1,000 ரூபாய். 2025-லயும் அதே 1,000-தான். இதுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. முதல் மாசம் என்ன வருதோ, அதேதான் இருபது வருஷம் கழிச்சும் வரும்.

லைன் வீட்டு அப்புச்சி

எங்க அப்புச்சியையே எடுத்துக்கோங்க. (மத்த ஊர்க்காரங்களுக்கு: அம்மாவைப் பெத்த தாத்தா.) சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டுல முப்பது வருஷம். இப்ப வயசு 78. பென்ஷன் 1,400 சொச்சம். வேலையில இருந்தப்பவே பி.எஃப்.ல பாதியை எடுத்து எங்க அம்மா கல்யாணத்தை முடிச்சார். ரிட்டயர் ஆனப்ப வந்ததுல பெரும்பகுதி மாமாவுக்குத் திருப்பூர்ல தையல் மெஷினாச்சு. மீதி 3 லட்சம் போஸ்ட் ஆபீஸ்ல, சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துல கிடக்கு.

இந்தத் திட்டத்தைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லியே ஆகணும். 60 வயசு ஆனவங்க போடலாம். 2025-ல வட்டி 8.2 சதவிகிதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி கைக்கு வந்துடும். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி நீட்டிச்சுக்கலாம். முன்னாடி 15 லட்சம்னு இருந்த உச்சவரம்பை 2023 ஏப்ரல்ல 30 லட்சமாக்கினாங்க. எங்க அப்புச்சிக்கு அந்த 30 லட்சத்தைப் பத்திக் கவலையில்ல. அவர் போட்ட 3 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு 6,150 வருது. அதாவது மாசம் 2,050.

ஆக, பென்ஷனும் வட்டியும் சேர்த்து 3,450. மாமா மாசம் 3,000 அனுப்பறார். அம்மா ‘அப்பாவுக்குத் தெரியாம’ 1,000 குடுக்கறாங்க. (அப்பாவுக்கு நல்லாவே தெரியும்!) மொத்தம் 7,450. இதுல வீட்டு வாடகை மட்டும் 4,500.

லைன் வீடு பார்த்திருக்கீங்களா? வரிசையா எட்டு வீடு. வாசல்ல ஒரு பொதுக் குழாய். கடைசியில ரெண்டு கக்கூஸ். மழை பெய்யற ராத்திரி, முட்டி வலியோட எங்க அம்மிச்சி குடையும் டார்ச்சுமா அந்த எட்டு வீட்டையும் தாண்டிப் போகணும். ஒரு சமாச்சாரம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. தமிழ்நாட்டுல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரன்ட் இலவசம்னு 2016-ல கொண்டுவந்தாங்க. அப்புச்சி வீட்ல ஓடறது ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு டி.வி. ஆனா லைனுக்கு ஒரே சர்வீஸ். ஓனர் வீட்டுக்கு வீடு சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கறார். அரசாங்கம் குடுத்த இலவசம் கேட்டுக்கு வெளியிலேயே நின்னுடுது!

மத்தபடி அவங்க பிழைக்கிற வழி எது தெரியுமா? ரேஷன் கடை. அரிசி இலவசம், பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல. 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்க ஆரம்பிச்சாங்க. ‘சோத்துக்கும் மாத்திரைக்கும் எப்படியோ ஓடிருதுங்கண்ணு, இந்த வாடகைதான்...’னு அப்புச்சி இழுத்தப்ப, அந்த ‘தான்’ல எனக்கு மொத்த விஷயமும் புரிஞ்சது.

சாப்பாட்டைக் குறைக்கலாம். ‘நல்லதுதான், சுகருக்கு’ன்னு சிரிச்சுக்கலாம். திருப்பதி யாத்திரையைத் தள்ளிப் போடலாம். (ரயில்ல ஆண்களுக்கு 60 வயசுக்கு மேல 40 சதவிகிதம், பெண்களுக்கு 58-க்கு மேல 50 சதவிகிதம்னு இருந்த சலுகையை 2020 மார்ச்ல நிறுத்தினதுல இருந்து யாத்திரை தானாவே தள்ளிப் போயிடுச்சு.) வாடகையை மட்டும் ‘இந்த மாசம் பாதி போதும்’னு குறைச்சுக்க முடியாது.

போன வருஷம் ஓனர் இடத்தை பில்டருக்குக் குடுக்கப் போறார்னு பேச்சு கிளம்பிச்சு. நானும் அம்மாவும் அவங்களுக்கு வீடு தேடி அலைஞ்சோம். நமக்கு ‘பேச்சிலரா?’னு கேட்டு கதவைச் சாத்துவாங்கல்ல... அவங்களுக்கு ‘ரெண்டு பேரும் வயசானவங்களா? கூட யாரும் இல்லீங்களா?’ அவ்வளவுதான் வித்தியாசம். யாராவது படுத்த படுக்கையாயிட்டா நமக்கு எதுக்கு வம்புங்கற பயம். காலியா இருந்ததெல்லாம் மேல்மாடி. அட்வான்ஸ் பத்து மாச வாடகை. 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாதுங்குது. நாங்க பார்த்த வீட்ல அதைச் சொன்னேன். ‘அப்படிங்களா... அப்ப அந்தச் சட்டத்துலயே வீடு பார்த்துக்குங்க’ன்னுட்டாங்க!

நல்லவேளை, பில்டர் பேச்சு அப்படியே அடங்கிப் போச்சு. இப்போதைக்கு!

‘நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துடலாம்’னு நான் சொன்னேன். அப்பாவுக்கும் சம்மதம். அப்புச்சிதான் ஒத்துக்கலை. ‘மகன் ஒருத்தன் இருக்கறப்ப மக வூட்டுல போய் உக்காந்துட்டு சோறு திங்கறதா சாமி?’ கொங்கு நாட்டு கௌரவம் அது. மாமாவுக்குத் திருப்பூர்ல ஒரே ரூம், நாலு பேர். கௌரவத்துக்கும் வாடகைக்கும் நடுவுல அந்த லைன் வீடு.

உங்க வாடகை, யாரோட பென்ஷன்?

‘சொந்த வீடு இருந்தா பிரச்னையே இல்லை’ன்னு நினைக்கறீங்களா? பாதி நிஜம். சொந்த வீடு இருந்தா வெளியே போகச் சொல்ல ஆள் இல்ல. ஆனா செங்கல்லைச் சமைச்சுச் சாப்பிட முடியாது. ஐம்பது லட்சம் போகிற வீட்ல உக்காந்துக்கிட்டு கேஸ் சிலிண்டருக்கு யோசிக்கிற தாத்தா பாட்டிகள் எங்க ஏரியாவிலேயே இருக்காங்க.

இதுக்கு நம்ம ஊர்க்காரங்க எந்தப் பொருளாதார மேதையையும் கேட்காம கண்டுபிடிச்ச பென்ஷன் திட்டம்தான் ‘மாடி போர்ஷன்’. சர்வீஸ்ல இருக்கறப்பவே மேலே ரெண்டு ரூம் எழுப்பி வாடகைக்கு விட்டுடறது. போஸ்ட் ஆபீஸ் வட்டி மாதிரி இது அப்படியே நிக்காது, வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும். விலைவாசியோட சேர்ந்து ஓடற ஒரே பென்ஷன் இதுதான். பீளமேட்டுலயும் சரவணம்பட்டியிலயும் அந்த மாடியில குடியிருக்கிறது யாரு? நீங்களும் நானும்தான். ‘ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி ஒண்ணாம் தேதியே வந்து நிக்குது மச்சி’ன்னு கடுப்பாகறோமே, அந்த ஆன்ட்டிக்கு நீங்க குடுக்கற வாடகைதான் மாசச் சம்பளமா இருக்கலாம். நீங்க பதினைஞ்சாம் தேதி வரைக்கும் இழுத்தா, அங்கே மருந்துக்கடை பாக்கி பதினைஞ்சாம் தேதி வரைக்கும் நிக்கும்.

மாடி கட்ட முடியாதவங்களுக்கு பேங்க்ல ஒரு வழி உண்டு. ரிவர்ஸ் மார்ட்கேஜ். பேரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம், ஹோம் லோனைத் தலைகீழாத் திருப்பினா அதுதான். ஹோம் லோன்ல நாம மாசாமாசம் பேங்குக்குக் கட்டுவோம். இதுல பேங்க் நமக்கு மாசாமாசம் குடுக்கும். 2007 மத்திய பட்ஜெட்ல ப.சிதம்பரம் அறிவிச்சார், அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்துச்சு. 60 வயசுக்கு மேல இருக்கணும், வீடு சொந்தமா இருக்கணும். கடைசி வரைக்கும் அதே வீட்ல இருக்கலாம். இருபது வருஷம் வரைக்கும் பணம் வரும். அப்புறம் பணம் நின்னாலும் வீட்டை விட்டுப் போகச் சொல்ல முடியாது. வர்ற பணத்துக்கு வருமான வரியும் இல்ல. ரெண்டு பேரும் காலமான பிறகு, பிள்ளைங்க கடனை அடைச்சு வீட்டை எடுத்துக்கலாம். இல்லைன்னா பேங்க் வித்து, கடன் போக மீதியை அவங்க கையிலேயே குடுத்துடும்.

கேட்க எவ்வளவு நல்லா இருக்கு? ஆனா உங்க சொந்தத்துல ஒருத்தராவது இதை வாங்கியிருக்காங்களா, யோசிங்க. பேங்க்ல வேலை பார்க்கிற என் ஃப்ரெண்டோட அம்மாகிட்ட கேட்டேன். ‘விசாரிக்க வர்றவங்களே அபூர்வம்மா. வந்தாலும் அடுத்த தடவை பையனோட வருவாங்க. அதோட சரி’ன்னாங்க. வீடுங்கறது நம்ம ஊர்ல குடியிருக்கிற இடம் மட்டும் இல்லையே, பிள்ளைக்கு விட்டுட்டுப் போற சொத்து. அதுல கை வைக்கிறதுக்குப் பதிலா பெத்தவங்க வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்குவாங்க. என்னைக் கேட்டா, இதை வேணாம்னு சொல்ல வேண்டியவங்க பெத்தவங்க இல்ல, வாங்கச் சொல்ல வேண்டியவங்க நாமதான். எனக்கு வர வேண்டிய வீடு எங்க அம்மா அப்பாவோட மருந்துச் செலவுக்குக் கரைஞ்சா, அதைவிட நல்ல செலவு அந்த வீட்டுக்கு வேற என்ன இருக்கு?

இதுக்கு நேர் எதிரா நடக்கிறதுதான் அதிகம். ‘எல்லாம் உனக்குத்தானே’ன்னு உயிரோட இருக்கறப்பவே பையன் பேருக்கோ பொண்ணு பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிக் குடுத்துடறது. எழுதின அன்னிக்கு ஓனரா இருந்தவர், அடுத்த நாள்ல இருந்து விருந்தாளி. சில வீட்ல விருந்தாளியைக் கிளப்பியும் விட்டுடறாங்க. இதுக்காகவே 2007-ல ஒரு சட்டம் வந்துச்சு: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதோட 23-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கவனிச்சுக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்த சொத்தை வாங்கிக்கிட்டுக் கவனிக்காம விட்டா, அந்தப் பத்திரத்தையே ரத்து பண்ணலாம். மத்தியப் பிரதேசத்துல ஒரு தாய் மகனுக்கு எழுதிக் குடுத்த சொத்தை, 2025 ஜனவரி 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் ரத்து பண்ணி, அந்தத் தாய்கிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சு.

ஆனா நிபந்தனை பத்திரத்துலயே இருந்தாகணுமா, இல்லையாங்கறதுல வேற வேற கோர்ட்ல வேற வேற மாதிரி தீர்ப்பு வந்திருக்கு. அதனால எழுதறதா இருந்தா, ‘கடைசி வரைக்கும் கவனிச்சுக்கணும், எங்க ஆயுள் வரைக்கும் இந்த வீட்ல இருக்கற உரிமை எங்களுக்கே’ன்னு ரெண்டு வரியைச் சேர்த்து எழுதச் சொல்லுங்க. இல்லைன்னா உயில் போதும். அது காலத்துக்கு அப்புறம்தான் செல்லும். நடுவுல எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம். சாப்பாட்டுச் செலவுக்குக்கூடக் குடுக்காத பிள்ளைங்க மேல அதே சட்டத்துல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு குடுக்கலாம். அதிகபட்சம் மாசம் 10,000 வரைக்கும் குடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். எங்க அப்புச்சி மாதிரி ஆளுங்க செத்தாலும் மனு குடுக்க மாட்டாங்கங்கறது வேற விஷயம். 3,000 அனுப்பற மாமாவே அங்கே எப்படித் திண்டாடறார்னு அவருக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை பேப்பர்ல முழுப் பக்க விளம்பரம் வருதே, ‘சீனியர்களுக்கான சொர்க்கம்’னு? நாட்டுலயே இந்த மாதிரி குடியிருப்புகளுக்குப் பேர்போன ஊர் எங்க கோயமுத்தூர்தான். வீல்சேர் போற மாதிரி வாசல், கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ், நேரத்துக்கு இட்லி. ஆனா வீட்டை விலைக்கு வாங்கணும், இல்லைன்னா லட்சக்கணக்குல டெபாசிட் கட்டணும். அதுக்கு மேல மாசாமாசம் பராமரிப்பும் சாப்பாடும். மாசக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், படுக்கையில விழுந்தா வெச்சுப்பாங்களா, டெபாசிட் திரும்பி வருமா... இந்த மூணையும் எழுத்துல வாங்காம யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. வெளிநாட்டுல பிள்ளை இருக்கறவங்களுக்கு அது. யாருமே இல்லாதவங்களுக்கு இலவச இல்லங்களும், 2023 ஆகஸ்ட்ல 1,200 ஆக்கின முதியோர் உதவித்தொகையும் இருக்கு. அப்புச்சி மாதிரி நடுவுல மாட்டினவங்களுக்கு எந்த விளம்பரமும் வர்றதில்ல.

அப்பாவைக் கணக்கு கேட்டேன்

அப்புச்சி கதையை எழுதி முடிச்சப்ப ஒரு சந்தேகம். எங்க வீடு? கணபதியில வாடகைக்குத்தான் இருக்கோம், மாசம் 9,000. அப்பாவுக்கு 53 வயசு. 1998-ல இருந்து ஒரே பம்ப்செட் கம்பெனி. ஒரு ஞாயித்துக்கிழமை பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டச் சொன்னேன். ‘என்ன கண்ணு, அப்பனையே ஆடிட் பண்றியா?’ன்னு சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் செல்போனை எடுத்துக் குடுத்தார்.

இருப்பு 4,18,000. நடுவுல ரெண்டு தடவை எடுத்திருந்தார். ஒண்ணு, அன்னூர் ரோட்டுல மூணு சென்ட் சைட் வாங்க. இன்னொண்ணு, என் இன்ஜினீயரிங் அட்மிஷனுக்கு.

பேப்பர், பேனா எடுத்துக் கணக்குப் போட்டோம். 2024-25-க்குக் குடுத்த 8.25 சதவிகித வட்டியே தொடர்ந்து, மாசாமாசம் போடறதும் சேர்ந்தா, 58 வயசுல கைக்கு எட்டு லட்சத்துச் சொச்சம் வரும். எட்டு லட்சத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டா மாசம் 5,467. (ரிட்டயர் ஆனவங்க 55 வயசுக்கு மேலயே அதுல சேரலாம், பணம் வந்து மூணு மாசத்துக்குள்ள போடணும்.) பென்ஷன், அந்த 70-ஆல வகுக்கிற ஃபார்முலாப்படி ஐயாயிரத்துச் சொச்சம். ஆக, மாசம் பத்தாயிரத்து ஐந்நூறு. இப்ப குடுக்கற 9,000 வாடகை வருஷத்துக்கு 5 சதவிகிதம் ஏறினா, அஞ்சு வருஷத்துல எவ்வளவு? 11,500. வருமானத்தை விட வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம். இன்னும் அரிசி, பால், மாத்திரை எதுவும் கணக்குல வரவே இல்ல.

இதுல இன்னொரு வில்லன் இருக்கார். 72-ஐ விலைவாசி உயர்வு சதவிகிதத்தால வகுத்தா, எத்தனை வருஷத்துல விலை ரெண்டு மடங்காகும்னு வரும். 6 சதவிகிதம்னா 12 வருஷம். அப்பாவோட 58-ல 20,000-த்துக்கு நடக்கிற குடும்பம் 70-ல 40,000 கேட்கும். வட்டியும் பென்ஷனும் அதே பத்தரை ஆயிரத்துல நிக்கும்.

‘சைட்டுல சின்னதா வீடு கட்டிக்கலாம்’னாங்க அம்மா. கட்டலாம். எதை வெச்சு? அந்த எட்டு லட்சத்தை வெச்சு. அப்புறம் மாச வட்டிக்கு எங்கே போறது? வீட்டைக் கட்டினா சோத்துக்கு இடிக்குது, சோத்துக்கு வெச்சா வீட்டுக்கு இடிக்குது. சைட்டை வித்தா? ‘அது உன் மேல்படிப்புக்குன்னுதான் வெச்சிருக்கேன்’னார் அப்பா. சத்தியமா எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது.

இங்கேதான் நண்பர்களே, உங்களையும் இழுத்து உள்ளே விடறேன். பசங்க படிப்புக்காகப் பி.எஃப்.ல இருந்து எடுக்க விதியிலேயே இடம் இருக்கு. நம்ம அப்பாக்கள் அதை சந்தோஷமா எடுப்பாங்க, நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க. என் மீதி ரெண்டு வருஷ ஃபீஸ் 2,20,000. அப்பா இதையும் அங்கிருந்து எடுக்கறதாத்தான் இருந்தார். எடுக்காம விட்டா, அதே பணம் அவர் 58 வயசுல மூணேகால் லட்சமாகியிருக்கும். நான் எஜுகேஷன் லோன் போடறேன்னேன். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் தேவையில்லை. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிச்சா போதும்.

அம்மா பத்தாவதுதான். ஆனா நேரா பாயின்ட்டைப் பிடிச்சாங்க. ‘பத்து வட்டிக்குக் கடனை வாங்கி, எட்டேகால் வட்டிக்குப் பணத்தைப் போட்டு வெக்கறதா? இதுதான் இன்ஜினீயரிங் காலேஜ்ல சொல்லித் தர்றாங்களா?’ கணக்குப்படி அம்மா சொல்றது சரி. வித்தியாசம் யார் கட்டறாங்கங்கறதுல இருக்கு. நான் கட்டினா என் முதல் அஞ்சாறு வருஷச் சம்பளத்துல ஒரு துண்டு போகும். அதுக்கு அப்புறமும் எனக்கு முப்பது வருஷ சம்பளம் பாக்கி இருக்கு. அப்பாவுக்கு அஞ்சு வருஷம்தான். படிக்கிறதுக்கு பேங்க்ல கடன் கிடைக்கும். சொந்த வீடு இல்லாத ஆளுக்கு வயசாகறதுக்கு எந்த பேங்க்லயும் கடன் கிடைக்காது.

நமக்கும் இப்பவே ஏதாவது செய்யலாம்னு அடல் பென்ஷன் திட்டத்தைப் பார்த்தேன். 20 வயசுல சேர்ந்து மாசம் 248 ரூபாய் கட்டினா, 60-ல இருந்து மாசம் 5,000. ரெண்டு பீட்சாவை விட்டா போதும்! ஆனா 6 சதவிகித விலைவாசியில நாற்பது வருஷம் கழிச்சு அந்த 5,000-த்துக்கு இன்னைய மதிப்பு 500 கூட இல்ல. சேர வேண்டாம்னு சொல்லலை, நானே சேரப் போறேன். அதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

எங்க வீட்ல இன்னும் முடிவாகலை. லோன் ஃபார்மை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கேன். அப்பா தினமும் அதைத் தாண்டிப் போறார். சைட்டை விக்கிறதில்லைங்கறதை மட்டும் ஒத்துக்கிட்டார். ‘மேல்படிப்புக்கு ஸ்காலர்ஷிப் கிடைச்சா போறேன், இல்லைன்னா வேலைக்குப் போறேன்’னு சொல்லிட்டேன். முதல் தளம் போடற மாதிரி அஸ்திவாரம் போட்டு, கீழே ரெண்டு ரூம்ல ஆரம்பிச்சா எவ்வளவு ஆகும்னு மேஸ்திரி ஒருத்தர்கிட்ட அம்மா விசாரிச்சுட்டு இருக்காங்க. அவங்க கண்ணு மாடி போர்ஷன் மேல!

நீங்களும் இந்த சனி, ஞாயிறு ஊருக்குப் போனா, பாஸ்புக்கை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. பழைய ஃபைலையும் தூசி தட்டிப் பாருங்க. எங்க அப்பா ஃபைல்ல 1998-ல கம்பெனிக்குக் குடுத்த நாமினேஷன் ஃபார்மோட காப்பி இருந்துச்சு. நாமினின்னு எங்க அப்பத்தா பேர். அவங்க இறந்து ஏழு வருஷமாச்சு. செல்போன்லயே ஆதார் ஓ.டி.பி. போட்டு அம்மா பேருக்கு மாத்தறதுக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு.